பன்னிரண்டு காற்றாடிகளும் படிக்காமல் விட்ட ஒரு வரியும்

பேரன்புக்கும் பெருமதிப்புக்கும் உரிய அத்தை அவர்களுக்கு,

உங்கள் தம்பியின் மகள் வணங்கி எழுதிக்கொள்வது. இங்கே அப்பாவும் அம்மாவும் நலம், அதாவது தூங்குகிறார்கள். நான் நலமில்லை, அதாவது தூங்கவில்லை. அங்கே நீங்களும் மாமாவும் சுகமா என்று விசாரிப்பது முறை என்று கடிதம் எழுதும் பாடத்தில் இருக்கிறது. ஆகையால் விசாரித்துவிட்டேன். தயவுசெய்து பதில் போடவேண்டாம், அது அப்பா கையில்தான் கிடைக்கும். உங்கள் போன் நம்பர் அப்பாவின் போனில் மட்டும் இருக்கிறது, அந்தப் போன் அவருடைய தலையணைக்கு அடியில் இருக்கிறது. முகவரியைப் பார்சல் பெட்டியைப் பார்த்து எழுதிக்கொண்டேன். சமையலறைத் தரையில் உட்கார்ந்து, ஃப்ரிட்ஜ் கதவை நாலு விரல் அளவு திறந்துவைத்து, அந்த வெளிச்சத்தில் எழுதுகிறேன். என் எழுத்து நடுங்கியிருந்தால் அதில் பாதி பயம், பாதி குளிர்.

விஷயத்துக்கு வருகிறேன். தோட்டத்துக்கென்று நீங்கள் அனுப்பிய, இருட்டியதும் தானாக விளக்கெரியவேண்டிய சோலார் காற்றாடிகள் பன்னிரண்டும் எரியவில்லை. அதற்கு நீங்கள் காரணமில்லை, காற்றாடிகளும் காரணமில்லை, நான்தான் காரணம். அப்பாடா, சொல்லிவிட்டேன், இனிப் பயமில்லை. இல்லை, இருக்கிறது. ஏனென்றால் இது உங்களுக்குத்தான் தெரியும், அப்பாவுக்குத் தெரியாது. நாளை திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குப் பன்னிரண்டையும் பிடுங்கி, வந்த பெட்டியிலேயே போட்டு, ஆபீஸ் போகும் வழியில் உங்களுக்கே பார்சல் அனுப்பப்போகிறார். பெட்டி வாசலில் தயாராக இருக்கிறது. உள்ளே வைக்க ஒரு கடிதமும் எழுதிவிட்டார். நான் திருட்டுத்தனமாகப் படித்தேன். மொத்தமே ஒரு வரிதான்: "உன் சாமான் உனக்கே." அது உங்களிடம் வந்து சேர்ந்தால் நீங்கள் இன்னும் மூன்று வருடத்துக்கு இந்தப் பக்கம் வரமாட்டீர்கள், அதற்குள் நான் பள்ளிக்கூடத்தையே முடித்துவிடுவேன். அதனால் இதை நடக்கவிடக் கூடாது என்று முடிவு செய்துவிட்டேன்.

போன தடவை நடந்தது உங்களுக்கு மறந்திருக்காது. புது வீட்டைப் பார்க்க வந்த நீங்கள் பின்பக்கம் போய் நின்று, "என்னடா இது, தோட்டம்னு கூப்பிட்டே, பரீட்சை ஹால் மாதிரி இருக்கு?" என்று கேட்டீர்கள். எனக்குச் சிரிப்பு வந்தது, இப்போதும் வருகிறது. ஆனால் அத்தை, அப்பா சர்வேயர். ஊரார் நிலத்தையெல்லாம் அங்குலம் பிசகாமல் அளந்து கொடுப்பவர், சொந்தச் செடிகளைக் கோணல்மாணலாக வைப்பாரா? நூல் பிடித்து, டேப் வைத்து, ஒவ்வொரு செடிக்கும் நம்பர் எழுதிய கட்டையும் நட்டிருந்தார். நீங்கள் அதைப் பாராட்டுவீர்கள் என்று காலையிலிருந்து காத்துக்கொண்டிருந்தார். "பிடிக்கலைன்னா பார்க்க வரவேண்டாம்" என்றார். நீங்களும் வரவில்லை. அவர் சொன்னால் நீங்கள் அப்படியே செய்துவிடுவதா?

மூன்று வருடம் கழித்துப் போன ஞாயிற்றுக்கிழமை பார்சல் வந்ததும் அப்பா அதைச் சுற்றிச்சுற்றி வந்தார். "பரீட்சை ஹாலுக்கு அலங்காரமா? நக்கல் பண்றாளா?" என்றார். அம்மா மருந்துக்கடையிலிருந்து அப்போதுதான் வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். "நக்கல் பண்றவங்க இவ்வளவு கனமா அனுப்ப மாட்டாங்க. பிரிங்க" என்றார். பிரித்தோம். சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாகப் பூப்போல இதழ் விரித்த காற்றாடிகள், நடுவில் கண்ணாடி உருண்டை, அதற்குக் கீழே உள்ளங்கை அளவுக்குச் சோலார் தகடு, அந்தத் தகட்டின் மேல் நீல நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் உறை. உறையைப் பார்த்ததும் அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. எங்கள் வீட்டைப் பற்றி உங்களுக்குத் தெரியும்தானே. டிவி ரிமோட் நான் பிறப்பதற்கு முன்னாலிருந்தே கவருக்குள் இருக்கிறது. சோபாவில் உட்கார்ந்தால் சோபா சத்தம் போடும். போன வருடம் புது ஃப்ரிட்ஜின் கதவில் ஒட்டியிருந்த தாளை நான் ஓரத்தில் கொஞ்சம் உரித்துவிட்டேன் என்று ஒரு வாரம் என்னோடு பேசாமல் இருந்து, அதைச் செல்லோடேப் போட்டுத் திரும்ப ஒட்டியவர் அப்பா. அவர் நீல உறையைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பார்த்தியா, ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா கவர். எங்க அக்கா எது வாங்கினாலும் தரமாத்தான் வாங்குவா." அத்தை, மூன்று வருடத்தில் முதல் தடவையாக 'எங்க அக்கா' என்றார். அம்மா என்னைப் பார்த்தார், நான் அம்மாவைப் பார்த்தேன். அந்த நேரம் பார்த்து உள்ளே இருந்த துண்டுச்சீட்டை என்னிடம் நீட்டி, "எழுத்து பொடிசா இருக்கு, நீ சத்தமாப் படி" என்றார். முதல் வரி படித்தேன். இரண்டாம் வரி படித்தேன். மூன்றாம் வரியில் 'பயன்படுத்துமுன் தகட்டின் மேலுள்ள உறையை அகற்றவும்' என்று இருந்தது. நான் நாலாம் வரியைப் படித்தேன்.

வேண்டுமென்று செய்யவில்லை. அவர் உங்களைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லிக்கொண்டிருக்கும்போது, அந்த வார்த்தைக்குக் காரணமான உறையையே கிழித்துப் போடச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அப்புறம் என்பது வரவே இல்லை.

அப்பா நூல் கட்டி, மட்டம் பார்த்து, நாலடிக்கு ஒன்று என்று பன்னிரண்டையும் நட்டார். சாயங்காலம் நாற்காலி போட்டு, டீ போட்டு, பக்கத்து வீட்டு மீட்டர் மாமாவையும் கூப்பிட்டு உட்காரவைத்தார். அவர் முப்பது வருடம் வீடு வீடாகப் போய் கரண்ட் மீட்டர் பார்த்து ரிட்டையர் ஆனவர், அதனால் இந்தப் பேர். இருட்டியது. காற்றாடிகள் நன்றாகத்தான் சுற்றின, ஆனால் ஒன்றுகூட எரியவில்லை. மீட்டர் மாமா டீயை முழுக்கக் குடித்துவிட்டு, "புது சாமான் சார், வெயிலுக்குப் பழக நாலு நாள் ஆகும்" என்றார். "அதென்ன, புது மாப்பிள்ளையா பழகறதுக்கு?" என்றார் அம்மா. மறுநாளும் எரியவில்லை. அப்பா பன்னிரண்டையும் பிடுங்கி வந்து ஹாலில் டியூப்லைட்டுக்குக் கீழே விடிய விடிய வைத்தார். அம்மா தண்ணீர் குடிக்க எழுந்து வந்து, ஆறாவது காற்றாடியில் கால் தடுக்கி, ஏழாவதைப் பிடித்துக்கொண்டு, எட்டாவதன் மேல் உட்கார்ந்தார். எட்டாவது அன்றிலிருந்து கொஞ்சம் சாய்ந்துதான் சுற்றுகிறது. புதன்கிழமை, வெயில் பத்தவில்லை என்று அப்பா டிரஸ்ஸிங் டேபிள் கண்ணாடியைக் கழற்றித் தோட்டத்துக்குக் கொண்டுபோய்ச் சூரியனைத் திருப்பிப் பிடித்தார். சூரியன் தகட்டில் விழாமல் மதிலைத் தாண்டி, ஷேவ் செய்துகொண்டிருந்த மீட்டர் மாமாவின் கண்ணில் விழுந்தது. மாமாவுக்கு மீசையில் இடதுபக்கம் போய்விட்டது. நியாயத்துக்காக வலதுபக்கத்தையும் எடுத்துவிட்டார். வெள்ளிக்கிழமை எல்லாவற்றையும் மொட்டைமாடிக்கு ஏற்றினார். காற்றில் ஒன்று பறந்துபோய் மாமா வீட்டுக் கொடியில் விழுந்து, அவருடைய பனியனைச் சுருட்டிக்கொண்டு சுற்ற ஆரம்பித்தது. மாமா மதிலுக்கு மேலே தலையை நீட்டி, "சார், எரியுதோ இல்லையோ, துணி நல்லாப் பிழியுது" என்றார். அப்பா சிரிக்கவில்லை, பன்னிரண்டையும் இறக்கித் தோட்டத்திலேயே திரும்ப நட்டார்.

ஒவ்வொரு தடவையும் நான் "அப்பா" என்று ஆரம்பித்தேன். "என்ன?" என்றார். "ஒண்ணுமில்லப்பா" என்றேன். ஒரு வாரத்தில் பதினோரு தடவை ஒண்ணுமில்லப்பா. பன்னிரண்டாவதாகச் சொல்லியே தீருவது என்று இன்று மாலை பல்லைக் கடித்துக்கொண்டு பக்கத்தில் போனபோது அவர் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "இப்பத்தான் புரியுது. எரியாததாப் பார்த்து வாங்கி அனுப்பியிருக்கா. நான் நட்டுவச்சு, ஊரைக் கூட்டி, அசிங்கப்படணும்னு." அம்மா, "பன்னெண்டையும் எரியாததாப் பொறுக்கி எடுக்க அவங்களுக்கு வேற வேலை இல்லையா?" என்று கேட்டதற்கு, "உனக்கு எங்க அக்காவைத் தெரியாது" என்றார். நான் வந்த வழியே திரும்பிவிட்டேன். என் வாயிலிருந்து வராத ஒரு வரிக்காக நீங்கள் கெட்டவராகிவிட்டீர்கள்.

ஆகவே தீர்மானம் இதுதான். இந்தக் கடிதத்தை முடித்ததும் தோட்டத்துக்குப் போகப்போகிறேன். அங்கே ஒரே இருட்டு, தேளெல்லாம் வரும் என்று அம்மா சொல்லியிருக்கிறார், இருந்தாலும் போகத்தான் போகிறேன். பன்னிரண்டு உறையையும் உரிப்பேன். நாளை காலை பார்சல் பெட்டி காணாமல் போயிருக்கும், ஏனென்றால் அது என் கட்டிலுக்கு அடியில் இருக்கும். பெட்டி தேடுவதில் ஒரு நாள் போகும், அந்த ஒரு நாள் வெயில் போதும், சாயங்காலம் தானாக எரியும். அப்படியும் தவறி அப்பாவின் பார்சல் உங்களிடம் வந்தால் அந்த ஒரு வரிக் கடிதத்தைப் படிக்காதீர்கள், நான் எழுதிய இதை மட்டும் படியுங்கள். படித்ததும் கிழித்துவிடுங்கள். நான் எழுதினேன் என்று யாரிடமும் மூச்சு விடாதீர்கள்.

அங்கே மாமாவுக்கு என் வணக்கம். பெரியவர்களிடம் ஆசி கேட்டு முடிப்பது வழக்கம். எனக்கு இப்போது ஆசியைவிடத் தைரியம்தான் அவசரமாக வேண்டும், ஆனால் அது தபாலில் வந்து சேர்வதற்குள் விடிந்துவிடும் என்பதால் இருப்பதை வைத்துச் சமாளித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள, ஒரு வரி தவிர மற்ற எல்லாவற்றையும் ஒழுங்காகப் படிக்கும் மருமகள்.

பி.கு.: மணி ஒன்றரை. ஏழு உரித்து எட்டாவதில் நகத்தை வைத்தபோது என் மேல் டார்ச் வெளிச்சம் விழுந்தது. "யார்ரா அது, காற்றாடி திருடுறது?" என்று அப்பாவின் குரல். "நான்தான்ப்பா" என்றேன். "நீயா? இந்நேரத்துல என்ன பண்றே?" ஒண்ணுமில்லப்பா என்றுதான் வாய் போனது. இழுத்துப் பிடித்து, மூன்றாம் வரியை மனப்பாடமாக ஒப்பித்துவிட்டேன். "இதை ஏன் அன்னைக்கே சொல்லலை?" என்றார். "நீங்க அத்தையைப் பத்தி நல்லதாச் சொல்லிட்டிருந்தீங்க. நடுவுல பேச மனசு வரலை." அப்பா டார்ச்சை என் கையில் கொடுத்தார். அப்புறம், "தள்ளு, நீ உரிக்கிற லட்சணத்துக்குத் தகட்டுல கீறல் விழும்" என்று மிச்சம் ஐந்தையும் அவரே உரித்தார். அத்தை, அப்பா தன் கையால் உரித்தார். பிறகு போனை எடுத்தார்.

அதற்கு மேல் நடந்தது உங்களுக்கே தெரியும், முதல் மணியிலேயே எடுத்தீர்களே. "அக்கா" என்றார். "என்னடா, யாருக்கு என்ன ஆச்சு?" என்று நீங்கள் கத்தியது எனக்கே கேட்டது. "யாருக்கும் ஒண்ணும் ஆகலை. காற்றாடி வந்து சேர்ந்துச்சுன்னு சொல்லத்தான்." "ராத்திரி ஒரு மணிக்காடா?" "நீ மட்டும் தூங்கினியாக்கும்?" அதன் பிறகு நீங்கள், "நல்லா எரியுதாடா?" என்று கேட்டீர்கள். அப்பா கும்மிருட்டில் பன்னிரண்டையும் ஒரு சுற்றுப் பார்த்தார். நான் அப்பாவைப் பார்த்தேன். "ஜெகஜோதியா எரியுது. முதல் நாள்லேருந்தே. சனிக்கிழமை வந்து பாரு" என்றார்.

ஆகையால் மேலே எழுதிய நாலு பக்கத்தையும் எழுதாததாகக் கொள்ளவும். உறை எதுவும் இல்லை, மூன்றாம் வரி இல்லை, எட்டாவது சாய்ந்து சுற்றுவது அதன் ஸ்டைல். கிழித்துப் போட்டுவிடலாம் என்றுதான் பார்த்தேன். ஆனால் கிழித்துவிட்டால், சனிக்கிழமை பகலில் வந்துவிடாமல் நன்றாக இருட்டிய பிறகு வரச்சொல்லி உங்களிடம் யார் சொல்வது? அதனால் அனுப்புகிறேன். மாலையிலிருந்து இங்கே வானம் முழுக்க மேகம். வெள்ளிக்கிழமைக்குள் ஒரு நாளாவது நல்ல வெயில் அடிக்கவேண்டும் என்று நீங்களும் வேண்டிக்கொள்ளுங்கள். எதற்கு என்று மட்டும் உங்களுக்குத் தெரியாது.