ஆணி இல்லாத கோயிலில் என் சேட்

கோயிலைக் கண்டால் என் கை தானாகச் சேட்டுப் பொத்தானுக்குப் போய்விடும். யாழ்ப்பாணத்தில் ஆண்கள் மேல்சட்டையோடு கோயிலுக்குள் போவதில்லை. லண்டன் குளிரில் பன்னிரண்டு வருடம் கிடந்தும் அந்தப் பழக்கம் விறைத்துப் போகவில்லை. அதைப் பக்தி என்று நினைத்துப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன், 2009 ஐப்பசி வரை. (என் மனைவி வதனி அதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறாள். இங்கே எழுத ஏலாது.)

அந்த வருடம்தான் எனக்குப் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் கிடைத்தது. பன்னிரண்டு வருடம் வக்கீல்களுக்குப் பின்னால் அலைந்து எடுத்தது. முதல் பயணமாக இருவரும் ஒரு சுற்றுலாக் குழுவோடு சீனாவுக்குப் போனோம். பாஸ்போர்ட்டைத் தன் ஹாண்ட்பாக்கில் வைக்கிறேன் என்று வதனி கேட்டாள். நான் கொடுக்கவில்லை. ஜாக்கெட்டின் உள்பையில், நெஞ்சோடு வைத்துக்கொண்டு, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தடவிப் பார்த்தேன்.

நாலாம் நாள், மலையடிவாரத்தில் ஒரு பழைய புத்த கோயில். முழுக்க மரம். ஓர் ஆணிகூட அடிக்காமல், மரத்துக்குள் மரத்தைக் கோத்தே கட்டியது, ஆயிரம் வருடமாக நிற்கிறது என்றாள் வழிகாட்டிப் பெண். எல்லோரும் அண்ணாந்து பார்த்து வியந்தார்கள். எனக்கு வந்த கவலை ஒன்றுதான்: ஆணி இல்லையென்றால் சேட்டை எங்கே கொழுவுவது?

வதனி குழுவோடு முன்னே போய்விட்டாள். நான் படியில் சப்பாத்தைக் கழற்றி, சேட்டையும் ஜாக்கெட்டையும் மடித்து அதன்மேல் வைத்துவிட்டு, வெறும் மேலோடு உள்ளே போனேன். புத்தர் கண்ணை மூடியிருந்தது என் நல்லகாலம். சனம் அவரை விட்டுவிட்டு என்னைப் படமெடுத்தது. பல் கிடுகிடுக்கக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தால், படியில் சப்பாத்து மட்டும் இருந்தது.

"பாஸ்போர்ட் எங்க?" என்றாள், குழுவோடு திரும்பி வந்த வதனி.

"ஜாக்கெட்டுக்குள்ள."

அவள் என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். "அப்ப நீங்கள் இஞ்சயே சாமியாரா இருங்கோ. உடுப்பும் அதுக்குத் தோதாத்தான் இருக்கு. நான் திங்கக்கிழமை ஷிப்டுக்குப் போகோணும்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. உண்மையாகவே அழுகை வந்தது. மறுபடியும் நாடில்லாதவன் ஆகிவிட்டேன் என்று நினைத்தேன்.

கால்மணி நேரம் கழித்து, முற்றத்தின் மறுகோடித் தொங்கலில் இருந்து ஒரு வயதான பிக்கு ஓட்டமும் நடையுமாக வந்தார். கையில் என் உடுப்பு. நான் உள்ளே நடுங்குவதை அவர் பார்த்திருக்கிறார். மரக்கோயில் பக்கம் நெருப்பே கூடாதாம். அதனால் தூரத்துச் சமையலறைக்குக் கொண்டுபோய், அடுப்பருகே வைத்துச் சூடாக்கி வந்திருக்கிறார் என்று வழிகாட்டி மொழிபெயர்த்தாள். பிக்குவே எனக்குச் சேட்டைப் போட்டுவிட்டார். அவித்து இறக்கிய பிட்டு மாதிரி இதமான சூடு. உள்பையைத் தடவினேன். இருந்தது. அவர் காலில் விழுந்தேன், அவர் பயந்துபோனார்.

பாஸ்போர்ட்டின் அட்டை மட்டும் அப்பளம்போல் வளைந்திருந்தது. ஹீத்ரோவில் அதிகாரி அதை இரண்டு முறை அழுத்தி நிமிர்த்திப் பார்த்து, எப்படி வளைந்தது என்று கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் வதனி முழுக் கதையையும் சொல்லிவிட்டாள். வரிசையில் நின்றவர்களுக்கும் கேட்டது.

லண்டன் நோர்பரியில் எங்கள் வீட்டு வாசலில் இப்போது ஓர் ஆணி இருக்கிறது, அவளே அடித்தது. நாங்கள் கோயிலுக்குப் புறப்படும்போதெல்லாம் அதைக் காட்டிச் சொல்வாள்: "இஞ்சயே கொழுவிப்போட்டு வாங்கோ."