கேரி தீவில் நான் எடுத்த ஒரே நல்ல படம்

வாழ்க்கையில் நான் உருப்படியாக எடுத்த புகைப்படம் ஒன்றே ஒன்றுதான். அதையும் எடுக்காமலே இருந்திருக்கலாம்.

எண்பதுகளின் நடுவில், நகரத்தில், பிரிக்பீல்ட்ஸில் எங்களுக்குப் புதுக் குடித்தனம். அலுவலகத்தில் நான் பேரேடு எழுதும் சாதாரண கிராணி. விடுமுறை நாட்களில் வனவிலங்குகளைப் படமெடுக்கும் மாபெரும் கலைஞன் (அதுவரை எடுத்ததில் தெளிவாக விழுந்தது ஓர் உடும்பின் வால் மட்டும்). எங்கள் தெருவில் ஸ்டூடியோ வைத்திருந்த சேகர், தூரத்தில் இருப்பதைக் கிட்டே காட்டும் பெரிய லென்ஸ் ஒன்றை இரவல் தந்தார். அதைத் தூக்கிக்கொண்டு மனைவி சாந்தியோடு கேரி தீவுக்குப் போனேன். அவள் அண்ணன் முனியாண்டி அங்கே எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் லோரி ஓட்டிக்கொண்டிருந்தார்.

"மாப்பிள்ளை, கடல் தண்ணி உள்ள வராம மண் அணை போட்டிருக்காங்கல்ல, அங்க நீர்நாய் குடும்பம் ஒன்னு இருக்கு" என்றார் அவர். "காலையில குட்டிங்களோட வரும். ஆனா வெளிய சொல்லிடாதீங்க. இறாலைத் தின்னுடுதுன்னு குளத்துக்காரனுங்க பொறி வச்சுப் பிடிச்சிடுவானுங்க."

"நான் யார்கிட்ட மச்சான் சொல்லப் போறேன்?"

மறுநாள் காலை வெள்ளைக் கால்சட்டையோடு போனேன் (கலைஞனுக்கு வெள்ளைதான் அழகு என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும்). அணை மேலேயே நில்லுங்கள் என்றார் மச்சான். நான் கேட்கவில்லை. கீழே இறங்கி நான்கு எட்டு வைத்தேன். ஐந்தாவது எட்டுக்குக் கால் வரவில்லை. சேறு முழங்காலைத் தாண்டி இடுப்புக்கு வந்தது. கேமராவைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அப்போதுதான் அவை வந்தன. தாய் ஒன்று, குட்டிகள் மூன்று. தாயின் வாயில் மீன். அசையாமல் நின்ற என்னை ஏதோ மரக்கட்டை என்று நினைத்ததோ என்னவோ, கரையில் உட்கார்ந்து நிதானமாகக் குட்டிகளுக்கு மீனைப் பிய்த்துக் கொடுத்தது. கேமராவை மெதுவாகக் கண்ணுக்கு இறக்கிப் பொத்தானை அழுத்தினேன்.

"மச்சான், தண்ணி ஏறுது" என்றேன் மெதுவாக.

"படம் எடுத்தாச்சா?"

"எடுத்தாச்சு."

"அப்ப சரி, இழுக்கலாம்லா."

செம்பனை மட்டையை நீட்டி அவர் என்னை இழுத்தார். நான் வந்தேன், செருப்பு வரவில்லை, கால்சட்டையும் முழுதாக வரவில்லை. கேமராவை மார்போடு அணைத்தபடி, அவர் அவிழ்த்துக் கொடுத்த தலைத்துண்டைக் கட்டிக்கொண்டு தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகளுக்கு நடுவே நடந்து வந்தேன். சாந்தி வாசலில் நின்று பார்த்துவிட்டு, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

படம் அருமையாக வந்திருந்தது. சேகர் அதைப் பெரிதாக்கிக் கடைக் கண்ணாடிக்குள் வைத்தார். தெருவே நின்று பார்த்தது. ஒரு வாரம் நான் தரையில் நடக்கவில்லை. பிறகு சேகர் சொன்னார்:

"பாஸ், எல்லாரும் இது சூவுல எடுத்ததுன்னு சொல்றாங்க."

சூவா? மிருகக்காட்சி சாலையிலா? இடுப்பளவு சேற்றில் நின்றவன் நான். அப்போதே பேனாவை வாங்கி, படத்துக்குக் கீழே தீவின் பெயர், தோட்டத்துப் பிரிவு, அணையில் எந்தப் பக்கம் என்று எல்லாவற்றையும் என் அழகான கையெழுத்தில் எழுதினேன். யார் கேட்டாலும் வழியும் சொன்னேன்.

இரண்டு மாதம் கழித்து மச்சான் வீட்டுக்கு வந்தார். தேநீரைக் குடித்து முடித்தார்.

"படத்தைக் கடையில பாத்தேன் மாப்பிள்ளை. நல்லா இருக்கு" என்றார். "போன வாரம் அணை ஓரமா பொறி வச்சுப் பிடிச்சிட்டானுங்க. பெருசு மாட்டிக்கிச்சு. குட்டிங்களைக் காணோம்."

என்னைத் திட்டியிருந்தால் தேவலை. கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போய்விட்டார். அன்று மாலையே படத்தைக் கடையிலிருந்து எடுத்துவிட்டேன். எடுத்து என்ன?

ஒவ்வொரு தீபாவளிக்கும் அவர் வீட்டில் என் கதை நடக்கும். நான் சேற்றில் நின்றதை மச்சான் நடித்துக் காட்டுவார். துண்டோடு நடந்த இடத்தில் சாந்திக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். கதவு சாத்தப்படுவதோடு அவர் கதையை நிறுத்திவிடுவார். போன வருடம் என் மகள் கேட்டாள், "மாமா, அப்புறம் அந்த நீர்நாயெல்லாம் என்ன ஆச்சு?"

மச்சான் என்னைப் பார்க்கவில்லை. "அதுங்க ஆத்தோட வேற பக்கம் போயிருச்சுமா" என்று சொல்லிவிட்டு, முறுக்குத் தட்டை என் பக்கம் நகர்த்தினார். நான் ஒன்றை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டே இருந்தேன்.