உடும்பு கட்டிய பெட்டிகள்

பெரியவர் மறுபடியும் பல்லை வைத்துக் கடித்துப் பார்த்தார். பெட்டி அசைந்து கொடுக்கவில்லை. கடைவாய்ப் பல்தான் ஆடியது.

"தம்பி, இதுக்குள்ள என்னதான் இருக்கு?"

"ரொட்டி, பிஸ்கட், சோப்பு, துண்டு, குளிருக்குக் காலுறை... எல்லாம் உங்களுக்குத்தான் ஐயா."

"எனக்குத்தான்னு அதுக்குத் தெரியலையே!"

மேம்பாலத்துக்கு அடியில் படுத்து எழும் அத்தனை பேரும் ஆளுக்கொரு பெட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் பெட்டியைத் தூணில் மோதினார். இன்னொருவர் அதன்மேல் ஏறிக் குதித்தார். நடுவே அசடு வழிய நின்றார் உடும்பு.

உடும்பு என்பது பார்சல் ஆபீசில் அவருக்கு வைத்த பெயர். அவர் கட்டிய பெட்டி ஒன்று ஓடும் லாரியிலிருந்து விழுந்ததாம். பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை, ரோட்டில்தான் பள்ளம் என்று முதலாளியே சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். சுற்றிச் சுற்றி டேப், மூலைக்கு மூலை தகரம், அதற்கு மேல் பிளாஸ்டிக் பட்டை, பட்டைக்கு இரும்பு கிளிப். கட்டி முடித்ததும் பெட்டி லாரி ஏறிவிடும். எங்கோ யாரோ ஒருவர் அதைப் பிரித்தாக வேண்டும் என்ற நினைப்பே இத்தனை வருஷத்தில் அவருக்கு வந்ததில்லை.

வீட்டில் அவருடைய மதிப்பே வேறு. ஆணி அடித்தால் சுவர் பெயரும். குழாயைத் தொட்டால் கூடத்தில் வெள்ளம். மனைவி பல மாதமாக அக்கம்பக்கத்தில் கேட்டுக் கேட்டுச் சேர்த்த சாமான்கள் இவை; ரொட்டி மட்டும் இன்று காலையில் வாங்கியது. "சும்மா ஒரு பையில போட்டுக் கொடுத்தா போதுங்க" என்றுதான் அவள் சொல்லியிருந்தாள். பையாம் பை! கட்டுகிற வேலையிலாவது அவள் வாயால் ஒரு சபாஷ் வாங்கிவிட வேண்டும் என்று உடும்புக்கு ஆசை. அந்த ஆசையைத்தான் டேப்போடு சேர்த்துச் சுற்றியிருந்தார்.

இப்போது அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"கட்டர் எங்கங்க?"

உடும்பு சட்டைப்பையைத் தடவினார். கால்சட்டைப்பையைத் தடவினார். முகம் வெளிறியது.

"ஏதோ ஒரு பெட்டிக்குள்ள வச்சுக் கட்டிட்டேன்னு நினைக்கிறேன்."

"எந்தப் பெட்டி?"

"அது தெரிஞ்சா பிரிச்சு எடுத்திருக்க மாட்டேனா?"

"எதை வச்சுப் பிரிப்பீங்க?"

உடும்பு பட்டையை நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

"மாமா, சாவியை விட்டு நெம்புங்க" என்றான் வேன் ஓட்டிக்கொண்டு வந்திருந்த மச்சினன்.

உடும்பு வீட்டுச் சாவியைப் பட்டைக்கு அடியில் கொடுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு நெம்பினார். பட்டை இருந்தபடியே இருந்தது. சாவி இரண்டாக ஒடிந்தது.

"போச்சு! இப்ப நாம எப்படி வீட்டுக்குள்ள போறது?"

"கவலைப்படாதம்மா. அந்தத் தூணுக்குப் பின்னாடி இடம் காலியாத்தான் இருக்கு" என்றார் பெரியவர் பெருந்தன்மையாக.

மச்சினன் விடவில்லை. லைட்டரை எடுத்துப் பட்டையைச் சுட்டான். பட்டை உருகி, டேப்பில் வழிந்து, கிளிப்பையும் விழுங்கிக்கொண்டு இறுகியது. பெட்டிக்கு எது மேல், எது கீழ் என்றே இப்போது தெரியவில்லை.

"இழுத்துப் பார்த்துடலாம், வாங்க!" என்று யாரோ குரல் கொடுத்தார்கள். இந்தப் பக்கம் உடும்பும் மச்சினனும், அந்தப் பக்கம் பெரியவரும் இன்னும் இரண்டு பேரும். "விடாதே, விடாதே!" என்று பாலத்தடியே ஆர்ப்பரித்தது. வேர்த்த கைகள் வழுக்க, ஐந்து பேரும் மல்லாந்து விழுந்தார்கள். பெட்டி மட்டும் நடுவில் குத்துக்கல்லாக உட்கார்ந்திருந்தது. பெரியவர் படுத்தபடியே விழுந்து விழுந்து சிரித்தார்.

மனைவி சிரிக்கவில்லை. கண் கலங்கியிருந்தது.

"பசியோட இருக்கிறவங்க முன்னாடி சாப்பாட்டைப் பூட்டி வச்சிட்டீங்களே!"

உடும்புக்குச் சுருக்கென்று தைத்தது. எழுந்து, எதிர்ப்புற ரொட்டிக்கடைக்கு ஓடினார்.

"இருக்கிறதிலேயே பெரிய கத்தியாக் கொடுங்க! பாலத்தடியில ஆளுங்க காத்துக்கிட்டு இருக்காங்க!"

ரொட்டிக்கடைக்காரர் அவரை மேலும் கீழும் பார்த்தார். கத்தியைக் கொடுக்கவில்லை. தானே எடுத்துக்கொண்டு, எதற்கும் நாலடி பின்னால் தள்ளியே நடந்து வந்தார். விஷயம் புரிந்ததும் ஆசுவாசமாகச் சிரித்துவிட்டு, சம்மணம் போட்டு உட்கார்ந்து ரொட்டி அறுக்கிற நிதானத்தில் அறுத்தார். முதல் பெட்டி வாயைப் பிளந்தது. உள்ளே மேலாகவே கட்டர் சிரித்தது.

அதற்குப் பிறகு மளமளவென்று வேலை நடந்தது. ஒரு பிஸ்கட்டில்கூட விரிசல் இல்லை. ஒருவர் புதுக் காலுறையை அங்கேயே மாட்டிக்கொண்டு நடந்து காட்டினார். பெரியவர் ரொட்டியைப் பிய்த்து, கத்தி கொண்டுவந்த கடைக்காரருக்கே உபசாரம் செய்தார்.

இரண்டு துணி மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் மட்டும் தன் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தாள். உடும்பு கட்டரோடு குனிந்தார். அவள் பெட்டியை மடிக்குள் இழுத்துக்கொண்டாள்.

"கொடும்மா. தப்பு என்மேலதான். ஒரு நொடியில பிரிச்சுத் தந்துடறேன்."

"வேணாண்ணே."

"உள்ள ரொட்டி இருக்கும்மா."

"பெரியவர் கொடுத்தாரு, தின்னாச்சு."

மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "பாருங்க, மனசு விட்டுப்போச்சு அவங்களுக்கு! கோவிச்சுக்காதம்மா. இனிமே இந்த மனுஷனை டேப்பைத் தொடவே விட மாட்டேன்."

"ஐயோ அக்கா, அப்படி மட்டும் பண்ணிடாதீங்க!" என்று அந்தப் பெண் பதறிப்போய் எழுந்தாள். "ஒரு குளியல் போட்டுட்டு வர்றதுக்குள்ள மூட்டையைப் பிரிச்சு சாமானை எடுத்துட்டுப் போயிடுற இடம் இது. இத்தனை பேரு சேர்ந்தும் திறக்க முடியாத ஒண்ணை இன்னிக்குத்தான் கண்ணால பார்க்கிறோம். பிரிக்கணும்னா எதிர்ல கடைக்காரர் இருக்காரு. அண்ணன் கையால எங்க மூட்டையையும் இதே மாதிரி கட்டித் தரச் சொல்லுங்க, அங்க பாருங்க, எல்லாரும் வரிசையில நிக்கிறாங்க!"