ஐம்பது வெள்ளிக்குள்

ஊருக்கு உபதேசம் செய்கிறவர்கள் உபதேசம் முடிந்ததும் வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்ள வேண்டும். அதை நாமே மீறுகிற வேலையை வைத்துக்கொள்ளக் கூடாது. நான் மீறினேன். அதுவும் சிவப்பு அங்கி, பஞ்சுத் தாடி, பிளாஸ்டிக் முகமூடி சகிதமாக, முப்பது பேர் முன்னால் மீறினேன்.

மலேசியாவில் கோல சிலாங்கூர் பக்கம் ஒரு செம்பனை ஆலையில், பழ லோரிகளை எடைபோடும் இடத்தில் நான் கிராணி, அதாவது கணக்கெழுதும் குமாஸ்தா. (லோரியைப் பார்த்தே எத்தனை டன் என்று சொல்லிவிடுவேன் என்று பெருமை வேறு. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு சிரிக்கலாம்.) சுற்றுவட்டாரக் கத்தோலிக்கக் குடும்பங்கள் பன்னிரண்டு சேர்ந்தது எங்கள் அன்பியம். டிசம்பரில் வீடு வீடாகப் போய் கிறிஸ்மஸ் கேரல் பாடுவோம். பெற்றோர் தங்கள் பிள்ளைக்கான பரிசை முன்கூட்டியே ரகசியமாகக் கொடுத்துவிடுவார்கள். அந்த வீட்டுக்குப் போகும்போது கிறிஸ்மஸ் தாத்தா சாக்கிலிருந்து எடுத்துக் கொடுப்பார். அங்கேயே எல்லார் முன்னாலும் பிரிக்க வேண்டும். தாத்தா ஆடலாம், தொந்தியைக் குலுக்கலாம், ஆனால் வாய் திறக்கக் கூடாது. திறந்தால் யாரென்று சின்னப் பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடும்.

நான் மீறிய வருடத்துக்கு முந்தின வருடம் ஒரு வீட்டில் புத்தம் புது சைக்கிள் வந்தது. பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைகள் கையில் கலர் பென்சிலை வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. நவம்பர் கூட்டத்தில் எழுந்தேன். “பாலன் யேசு பொறந்தது மாட்டுக் கொட்டகையில. நம்ம பிள்ளைங்களுக்குள்ள ஏற்றத்தாழ்வு எதுக்கு? எந்தப் பரிசும் ஐம்பது வெள்ளிக்கு மேல போகக் கூடாது!” என்று கால்மணி நேரம் முழங்கினேன். தலைவர் ஆரோக்கியம் அண்ணன் கைதட்டினார். ஐம்பது வெள்ளி, அதாவது ஐம்பது ரிங்கிட், சட்டமானது. அந்த வருடத் தாத்தாவும் நானே என்று முடிவானது.

கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள் என் மகள் ஷெரன். பதினாறு வயது. அவளுடைய போனில் விரிசல் போகாத இடம் பின்பக்கம் மட்டும்தான். புது போன் வேண்டுமென்று ஆறு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்குத் திரும்பும்போது காரில் கேட்டாள். “சோ, எனக்கும் ஃபிஃப்டிதானா பா?”

“சட்டம்னா எல்லாருக்கும்தானே மா.”

“சரிப்பா.”

சண்டை போட்டிருந்தால் நானும் கத்திச் சமாளித்திருப்பேன். இந்த ‘சரிப்பா’ என்னைக் கொன்றுவிட்டது. மூன்று வாரம் அது என் காதிலேயே கிடந்தது. பக்கத்தில் என் மனைவி ஸ்டெல்லா நிம்மதியாகத் தூங்க, நான் மட்டும் மனதுக்குள் ஏலம் விட்டுக்கொண்டிருந்தேன்: ஐம்பது, நூறு, இருநூறு... கடைசியில் ஒரு சனிக்கிழமை புஞ்சாக் ஆலாம் டவுனுக்குப் போய், எண்ணூற்றுத் தொண்ணூற்றொன்பது வெள்ளிக்கு ஒரு போன் வாங்கினேன்.

ஸ்டெல்லாவிடம் சொல்லவில்லை. அவளுக்குச் சட்டம் என்றால் சட்டம்தான். அதனால் ஒரு மகா திட்டம் தீட்டினேன். போனை சாக்கிலே போட்டுவிடுவது. கடைசி வீடான எங்கள் வீட்டில் ஷெரனுக்குக் கொடுப்பது. ஸ்டெல்லா கேட்டால், கிள்ளானில் இருக்கும் ஷெரனின் ஞானத்தந்தை அனுப்பியிருப்பார் என்று கையை விரிப்பது. (அவர் ஞானஸ்நானத்தன்று போட்ட அரைப் பவுனுக்குப் பிறகு ஒரு வாழ்த்து அட்டைகூட அனுப்பியதில்லை.) பொட்டலத்தைத் தூக்கிப் பார்த்தால் போன் என்று தெரியக் கூடாதல்லவா? அடுப்படியில் கைக்குக் கிடைத்த அரைக் கிலோ பச்சைப்பயறு பாக்கெட்டைக் கூடவே வைத்துக் கட்டினேன். என் கையெழுத்து காட்டிக்கொடுத்துவிடும் என்று பெயரும் எழுதவில்லை.

கேரல் ஞாயிறு மாலை நாலு மணிக்குப் புறப்பட்டோம். தூறல். முகமூடியில் கண்ணுக்கு இரண்டு மிளகளவு ஓட்டை. உள்ளே வேர்வை ஆறாக ஓடியது. மூன்றாவது வீடு ஆரோக்கியம் அண்ணன் வீடு. அவர் மகள் ஏஞ்சலின், ஷெரனுடைய வகுப்புத் தோழி.

சாக்கில் கையை விட்டேன். ஒரே மாதிரி சிவப்புத் தாளில் இரண்டு பொட்டலம். இரண்டிலும் பெயர் இல்லை. ஒன்றில் ஒட்டியிருந்த பெயர்ச்சீட்டை மழை கொண்டுபோய்விட்டது.  மேளம் வேறு ‘கொடு, கொடு’ என்று துரத்துகிறது. சரி, நாம் எடைக் கிராணியாயிற்றே! இரண்டையும் தூக்கிப் பார்த்தேன். போன் லேசாகத்தானே இருக்கும்? கனமானதை ஏஞ்சலின் கையில் கொடுத்தேன்.

பயறு ஞாபகம் வந்தபோது அவள் தாளைக் கிழித்துவிட்டாள்.

“ஓ மை காட்! பா! போன் பா!” என்று அலறிக்கொண்டு ஆரோக்கியம் அண்ணன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அவர் வாங்கி வைத்தது ஒரு தண்ணீர் போத்தல். அவர் போனைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், ஒரு தடவை வானத்தையும் பார்த்தார். மகள் அப்படித் தொங்கும்போது எந்த அப்பன் மறுப்பான்? “ம்ம்... பிள்ளைக்குத்தானே மா,” என்றார்.

நான் ஷெரனைப் பார்த்தேன். பாட்டுப் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எல்லாரையும்விடப் பலமாகக் கைதட்டிக்கொண்டிருந்தாள்.  வாய் திறக்க முடியாதே என்று போனை நோக்கிக் கையை நீட்டினேன். ஏஞ்சலின், “தாத்தா செல்ஃபி கேட்கிறாரு லா!” என்று என் தோளில் சாய்ந்து, அவசர அவசரமாகப் போனை முடுக்கி ஒரு படமும் எடுத்துவிட்டாள்.

“ஏன் ஆரோக்கியம் அண்ணே, ஐம்பது வெள்ளிதான்னு சட்டம் போட்டீங்களே?” என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. மேளம் நின்றது.

அண்ணன் மனைவி ஜெசிந்தா அக்கா இடுப்பில் கை வைத்தார். “எனக்கு மிக்ஸி வாங்கக் காசில்லன்னு சொன்னீங்க? சரி, இந்தப் பச்சைப்பயறு எதுக்கு?”

“சுண்டலுக்கு,” என்றார் அண்ணன், பரிதாபமாக.

ஸ்டெல்லா கூட்டத்திலிருந்து முன்னால் வந்தாள். பாக்கெட்டின் வாயில் துணி காயப்போடும் நீலக் கிளிப் ஒன்று கவ்விக்கொண்டிருந்தது. மூன்று நாளாக அவள் தேடிக்கொண்டிருந்த பாக்கெட். அதைப் பார்த்தாள். பிறகு நேராக என் முகமூடியின் ஓட்டைக்குள் பார்த்தாள்.

“எவ்வளவு?”

எட்டு விரலைக் காட்டினேன்.

“எண்பதா?”

இல்லை என்று தலையை ஆட்டினேன். ஒன்பது விரல் காட்டினேன். மறுபடியும் ஒன்பது. ஆட்டம் என்று நினைத்துச் சின்னப் பிள்ளைகள் கூடவே விரல் விட்டு எண்ணின. ஷெரனும் எண்ணுவது தெரிந்தது. அவள் கைதட்டல் நின்றுவிட்டது. இனி தாங்காது என்று முகமூடியைத் தலைக்கு மேல் தள்ளினேன்.

“எண்ணூத்தித் தொண்ணூத்தொம்பது! ஷெரனுக்கு வாங்கினது!”

 நாலு வயசுப் பிள்ளை ஒன்று கேட்டது: “மா, கிறிஸ்மஸ் தாத்தாவுக்குப் பொண்ணு இருக்கா?”

ஏஞ்சலின் அழுதுகொண்டே போனை நீட்டினாள். ஷெரன் வாங்கவில்லை. என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னாள். “அன்னிக்கு மீட்டிங்ல நீங்க பேசினப்போ எனக்கு ரொம்பப் பெருமையா இருந்திச்சி பா. அதனாலதான் சரின்னு சொன்னேன்.”

 மூன்று வாரமாக என்னைத் தூங்கவிடாத ‘சரிப்பா’வுக்கு அதுதான் அர்த்தம். அது தெரியாமல் எண்ணூற்றுத் தொண்ணூற்றொன்பது வெள்ளியைக் கொட்டி அந்தப் பெருமையைக் கெடுத்திருக்கிறேன். மிச்ச வீடுகளுக்கு முகமூடியைக் கையில் பிடித்துக்கொண்டே போனேன். எங்கள் வீட்டில், ஸ்டெல்லா அவளுக்கென்று முன்பே வாங்கி வைத்திருந்த பரிசைக் கொடுத்தாள்: நாற்பத்தைந்து வெள்ளிப் பை. ஷெரன் எல்லார் முன்னாலும் பிரித்தாள்.

ஏஞ்சலின் திருப்பித் தந்த, பெட்டி பிரிந்த போனைக் கடைக்காரர் திரும்ப எடுக்கவில்லை. ஷெரன் புத்தாண்டு வரை அதைத் தொடாமல் இருந்தாள், பிறகு எடுத்துக்கொண்டாள். (அவளும் பதினாறு வயதுக்காரிதானே.) ஆரோக்கியம் அண்ணன் கதைதான் பாவம். மகள் முகத்தைப் பார்க்க முடியாமல், ஜனவரியில் வரும் மூன்று ராஜாக்கள் திருநாளுக்குள் அதே போன் ஒன்று வாங்கினார், கூடவே மிக்ஸியும். என்னைப் பார்க்கும்போதெல்லாம், “வாங்க எண்ணூத்தித் தொண்ணூத்தொம்பது,” என்றுதான் இன்றைக்கும் கூப்பிடுகிறார். எங்கள் வீட்டிலோ எது வாங்கப் பேச்சு வந்தாலும் நான் வாயெடுத்தால் போதும், “தாத்தா பேசக் கூடாது,” என்பாள் ஸ்டெல்லா. பயறு டப்பாவுக்குப் பூட்டு போடாததுதான் பாக்கி.

போன கிறிஸ்மஸுக்கு ஷெரன், வளர்ந்து வேலைக்குச் சேர்ந்து வாங்கிய தன் முதல் சம்பளத்தில் எனக்கொரு பரிசு தந்தாள். பிரித்தேன். கண்ணாடிச் சட்டம் போட்ட படம். ஏஞ்சலின் எடுத்த அந்த செல்ஃபி. அவள் வாயெல்லாம் பல். பக்கத்தில் ஒரு கிறிஸ்மஸ் தாத்தா, பிச்சை கேட்பது போலக் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார். விலைச்சீட்டை வேண்டுமென்றே கிழிக்காமல் விட்டிருந்தாள்: நாற்பத்தொன்பது வெள்ளி தொண்ணூறு காசு.

“இப்ப தாத்தா பேசலாம் பா,” என்றாள்.