கம்பிச் சித்தரின் வெல்வெட் துணி

ஊரில் பாதிப் பேருக்குத் திடீரென்று பாம்புச் செவி முளைத்துவிட்டது. எல்லாம் கம்பிச் சித்தரின் அருள். சுவர் பிளக்கிலிருந்து பாட்டுப் பெட்டிக்குக் கரண்ட் கொண்டுபோகும் வயரை அவரிடம் வாங்கி மாட்டினால், பாடகி மூச்சு விடுவதுகூடக் கேட்குமாம். வயரின் விலையைக் கேட்டால் நம் மூச்சு நின்றுவிடும் என்பது வேறு விஷயம்.

ஞாயிறுதோறும் அவருடைய மாடி அறையில் கூட்டம் நெரியும். தங்க நிற வயரில் அம்புக்குறி போட்டிருக்கும். தலைகீழாக மாட்டினால் சங்கீதம் கெட்டுவிடுமாம். ஒரு முனை சுவருக்கு, மறு முனை பெட்டிக்கு, தலைகீழாக மாட்டவே முடியாது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. "எனக்கு வித்தியாசம் தெரியலையே" என்று யாராவது முணுமுணுத்தால், "உங்க காது இன்னும் பழுக்கலை" என்பார் சித்தர். அப்புறம் எவன் வாயைத் திறப்பான்?

அன்று முன்வரிசையில் சுருதிக்காரர் இருந்தார். வீடு வீடாகப் போய்ப் பியானோவுக்குச் சுருதி சேர்ப்பவர். காதுதான் அவருக்குச் சோறு. ஆறு மாதமாக மேல் ஸ்வரங்கள் மங்கலாகக் கேட்டன. பயத்தில் மனைவியிடம்கூடச் சொல்லாமல், சித்தரிடம் மட்டும் சொல்லி அழுதிருந்தார்.

"காதுல ஒண்ணுமில்லை. உங்க வீட்டுக் கரண்ட்தான் அழுக்கு. டாக்டர்கிட்ட மட்டும் போயிடாதீங்க" என்றிருந்தார் சித்தர்.

இதைவிட இனிப்பான சேதி உண்டா? சொந்தப் பியானோவை விற்று வயர் வாங்குவது என்று முடிவு செய்துவிட்டார். மறுநாள் ஆள் வந்து தூக்கிப்போவதாக ஏற்பாடு. சேதி தெரிந்து, வயரிங் வேலை செய்யும் மச்சினி கூடவே வந்து உட்கார்ந்திருந்தாள்.

சித்தர் முதலில் சாதாரணக் கறுப்பு வயரில் பாட்டைப் போட்டார். நிறுத்தினார். வெல்வெட் துணியால் பெட்டியைப் பயபக்தியோடு துடைத்தார். தங்க வயரை மாட்டினார்.

"ஆகா!" என்றார் பல் டாக்டர். "திரை விலகின மாதிரி இருக்கு!" என்றார் ஓய்வுபெற்ற நீதிபதி. சுருதிக்காரருக்கே மேல் ஸ்வரம் கேட்டது. கண் கலங்கிவிட்டது.

"அத்தான், அந்த ஆளு பெட்டியில தூசி இருக்கிற இடத்தை விட்டுட்டு, சவுண்டைக் கூட்டிக் குறைக்கிற குமிழை மட்டும் துடைச்சாரு" என்றாள் மச்சினி.

"சும்மா இரும்மா!"

அவள் இருக்கவில்லை. எழுந்துபோய் இன்சுலேஷன் டேப்பைக் கிழித்து, குமிழ் அசையாதபடி ஒட்டினாள்.

"டேப் ஒட்டினா சக்தி தடைப்படும்!" என்று சித்தர் பதறினார்.

"கரண்ட் பின்னாடிதானே வருது? டேப் முன்னாடிதானே இருக்கு?" என்றாள்.

நீதிபதிக்குப் பழைய உத்தியோக ஞாபகம் வந்துவிட்டது. "அனுமதிக்கிறேன்" என்றார்.

பெட்டிக்குப் பின்னால் போய் நின்று, அதே பாட்டை இரண்டு தடவை போட்டாள். "எது தங்கம்?"

பாதிப் பேர் முதலாவது என்றார்கள். பாதிப் பேர் இரண்டாவது என்றார்கள். சித்தர் கண்ணை மூடி, "இரண்டாவது. தேன்!" என்றார்.

மச்சினி வெளியே வந்தாள். தங்க வயர் அவள் தோளில் தொங்கியது. "ரெண்டு தடவையும் இது என் தோள்லதான் இருந்துச்சு. பாடினது கறுப்பு வயர்."

டேப்பைப் பிய்த்து, "நீங்களே குமிழைத் திருப்புங்க அத்தான்" என்றாள். கறுப்பு வயரிலேயே அவர் கொஞ்சம் திருப்பினார். மேல் ஸ்வரம் வந்தது. "சத்தம் கூடியிருக்கு, அவ்வளவுதான்!" என்றார். வெட்கம் பிடுங்கித் தின்றது. கூடவே, கோளாறு காதில்தான் என்ற ஆறு மாதப் பயமும் திரும்பி வந்தது.

சித்தர் விடவில்லை. "இவர் காது பழுதுங்க! என்கிட்டயே சொல்லி அழுதாரு! இவர் பேச்சை நம்பலாமா?"

ஆறு மாதம் மூடி வைத்தது சபையில் உடைந்தது. சுருதிக்காரர் எழுந்தார்.

"ஆமாங்க, என் காது பழுதுதான். நாளைக்குப் பியானோவை அனுப்பலை, நான்தான் டாக்டர்கிட்டப் போறேன்." பிறகு கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். "இருந்தது கேக்காம போனது என் காதுக் கோளாறு. இல்லாதது உங்களுக்கெல்லாம் கேட்டுதே, அது எந்தக் கோளாறு? அதுக்கு எந்த டாக்டரைப் பாக்கப் போறீங்க?"