அண்ணனோடு அரை மணி நேரம் பறந்த விவரம்

ரோடோஸ்,
செவ்வாய், மதியம்.

அன்புத் தங்கை டெஸ்பினாவுக்கு, உனக்காகவும் உன் முழங்காலுக்காகவும் தேவமாதாவிடம் தனித்தனியாக வேண்டிக்கொண்டு அண்ணன் ஸ்டமாட்டிஸ் எழுதுவது. நான் நலம். பெரியண்ணன் யக்குமிஸ் நலமா என்று சொல்லத் தெரியவில்லை.

இங்கே புதைத்து மூன்று ஆண்டு முடிந்ததால், வழக்கப்படி அவர் எலும்புகளைத் தோண்டியெடுத்து, திராட்சை மதுவில் கழுவி, தகரப் பெட்டியில் வைத்துக் கல்லறைத் தோட்டத்துப் பாதிரியார் கொடுத்தார். நம் தீவில் அம்மா பக்கத்தில் வைப்பதாக வாக்குக் கொடுத்திருந்தோம் அல்லவா? உயிரோடு இருந்தவரை அவர் விமானம் ஏறியதே இல்லை. ஆனால் நம் கஸ்டெலோரிசோவுக்குக் கப்பல் நாலு மணி நேரம், என் இடுப்பு தாங்காது. விமானமோ அரை மணி நேரம், மொத்தமே நூற்று முப்பது கிலோமீட்டர். செத்தவருக்கு என்ன பயம் என்று டிக்கெட் எடுத்துவிட்டேன்.

பையைச் சோதிக்கிற பெண் திரையைப் பார்த்துவிட்டு எழுந்தே நின்றுவிட்டாள். "மாமா, உள்ள என்ன?" "எங்கண்ணன்." பாதிரியார் கடிதத்தைக் காட்டினதும் சிலுவை போட்டுக்கிட்டு விட்டுட்டா. மடியில வச்சுக்கிட்டு உக்காந்தேன். மேல ஏறினதும் பெட்டிக்குள்ள டக், டக்குன்னு ரெண்டு தட்டு. பக்கத்துல ஒரு எண்ணெய் வியாபாரி, "உங்க பெட்டி தட்டுதே"ன்னான். "விமானம் ஆடுதுய்யா." "விமானம் ஆடலையே!" இருபத்தஞ்சாவது நிமிஷம் நம்ம தீவு வந்துடுச்சு, உன் மாடியில காயுற சிவப்புப் போர்வைகூட தெரிஞ்சுது. சக்கரம் தரையைத் தொடப்போற நேரம் எங்கிருந்தோ ஒரு காத்து, விமானி மேல தூக்கிட்டான். மறுபடி இறங்கினா மறுபடி காத்து. பெட்டி விடாம தட்டுது. "அண்ணே, பொறுத்துக்கோ, வீடு வந்தாச்சு"ன்னு குனிஞ்சு கெஞ்சுறேன். மூணாவது தடவையும் அதே கதை. ரெண்டு மணி நேரம் பறந்து, ஏறின இடத்துலயே வந்து இறங்கினோம்.

படியில விமானி என்னை நிறுத்தி, "மாமா, உங்க தீவுல ஒரு இலைகூட அசையலைங்கறாங்க. இருபது வருஷமா ஓட்டுறேன், இப்படிப் பாத்ததில்ல"ன்னு சொல்லிட்டுப் பெட்டியையே பாத்தான். அந்த வியாபாரி அடுத்த விமானத்துல போயிட்டுப் போன் பண்ணினான். இருபத்தாறு நிமிஷமாம், பூ மாதிரி இறங்குச்சாம்.

டெஸ்பினா, அது கோபத் தட்டு இல்ல, பயத்துல தட்டினது. அவர் பயத்தை நாம ஆயுசு முழுக்கக் கிண்டல் பண்ணினோமே, நெஜமாவே அவ்வளவு பயந்திருக்கார். விமான நிலையத்துலயே உக்காந்து அழுதுட்டேன். வெள்ளிக்கிழமைக் கப்பல்லயே கூட்டிட்டு வரேன். துறைமுகத்துக்கு வந்துடு.

பேரப்பிள்ளைகளுக்கு ஆசிகள், உன் வீட்டுக்காரருக்கு என் வணக்கம், போன தடவை வாலை மிதித்ததற்கு உன் ஆட்டிடம் மன்னிப்பு.

இப்படிக்கு,
ஸ்டமாட்டிஸ்

பி.கு.: பாதிரியார் இப்பத்தான் கூப்பிட்டார். பேர்ச்சீட்டு ஈரத்துல உரிஞ்சு பெட்டி மாறிப்போச்சாம். அண்ணன் கல்லறைக் கோயில் அலமாரியிலயே அசையாம இருக்கார். என்கிட்ட இருக்கறது கல்லியோப்பின்னு ஒரு அம்மா, முப்பது வருஷமா கேக்க நாதியில்ல, எந்த ஊர்னும் யாருக்கும் தெரியல. திருப்பிக் கொடுக்கலாம்னு தூக்கினேன். டக், டக். "ஏம்மா, எங்க தீவு வேணாம்னா வேற எங்கதான் போகணும்?"னு கேட்டேன். தட்டு நின்னுடுச்சு. அரை மணி நேரமா உள்ள யாரோ யோசிக்கிற மாதிரியே இருக்கு.