பிரளயம் ஜவுளி ஸ்டோர்

"கடை தெறக்கறதுக்கு முன்னாடியே இன்னா செட்டியாரே, உங்களுக்கு நீங்களே சாபம் விட்டுக்கினீங்க?" ரிட்டயர்டு போஸ்ட்மாஸ்டர் வெங்கடரமணன், இங்கிலீஷில் 'கேட்டக்ளிசம் ஜவுளி ஸ்டோர்' என்றிருந்த போர்டை அண்ணாந்து பார்த்துச் சிரித்தார்.

ஊதுவத்தி கொளுத்திய கந்தசாமிச் செட்டியாரின் கை அப்படியே நின்றது. எதிர் ஜவுளிக்கடையில் இருபது வருஷம் துணி அளக்கும் கஜக்கோல் பிடித்தவர், இன்றைக்குத்தான் செஞ்சிக் கடைவீதியில் சொந்தக் கடை திறக்கிறார். முதல் நாள் வியாபாரம் ஓடாவிட்டால் மறுபடி அந்தக் கஜக்கோல்தான்.

"கேட்டக்ளிசம்னா பேரழிவுய்யா. ஊரோட அழிஞ்சிபோறது!"

செட்டியார் ஓடினார், பேர் வைத்த இங்கிலீஷ் வாத்தியார் ராஜாராம் வீட்டுக்கு.

வாத்தியார் அசரவில்லை. "வெள்ளமா கூட்டம் வரணும், அதுக்கு ஒரே வார்த்தை சொல்லுன்னு கேட்டது யாரு? கிரேக்க பாஷையில மூலம். வெள்ளம் வந்து கழுவிவுடறதுன்னு அர்த்தம்."

"கழுவிவுட்டப்புறம் இன்னா சார் இருக்கும்?"

"ஒண்ணும் இருக்காது."

பேரை மாற்றவும் வழியில்லை. அவலூர்பேட்டை வரைக்கும் தண்டோரா போட்டாயிற்று. இங்கிலீஷில் இருந்தால்தானே அர்த்தம் தெரியும்? அதையே தமிழ் எழுத்தில் எழுதிவிட்டால் எவனுக்குப் புரியப்போகிறது! பெயிண்டர் பெரியதம்பியின் காதில் பேரை ஓதிவிட்டுக் கற்பூரம் வாங்கப் போனார்.

திரும்பி வந்தபோது போர்டு பளபளத்தது: 'கட்டினா கிழியும் ஜவுளி ஸ்டோர்.'

"அடப்பாவி! இன்னாடா இது?"

"நீங்க கட்டாக்கிளியும்னுதானே சொன்னீங்க? நான்தான் தப்பில்லாம திருத்தி எழுதினேன்."

அழிக்க நேரமில்லை. செட்டியார் ஒரு வெள்ளை வேட்டியை உருவிப் போர்டின்மேல் போர்த்தினார். ஐந்தே நிமிஷத்தில் அரிசி மண்டி கலியபெருமாள் மாலையோடு வந்து நின்றார்.

"நேத்துகூட வெத்தல போட்டுக்கினு இருந்தாரே! வெள்ளைத் துணி போட்டு மூடியிருக்கீங்க, எப்ப போச்சி உயிரு?"

"யாருக்கு?"

"உங்க நைனாவுக்கு!"

உள்ளே சாம்பிராணி போட்டுக்கொண்டிருந்த நைனா எட்டிப் பார்த்தார். "எவண்டா அவன்?"

செட்டியார் பாய்ந்து வேட்டியை இழுத்தார். அது ஆணியில் மாட்டி, கடைவீதி முழுக்கக் கேட்கும்படி டர்ரென்று கிழிந்தது. அந்த நேரம் பார்த்து வல்லம் பஸ் வந்து நின்றது. இறங்கிய பெண்களில் ஒருத்தி போர்டை எழுத்துக் கூட்டிச் சத்தமாக வாசித்தாள். செட்டியார் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்.

திறந்தபோது கடைக்குள் கால் வைக்க இடமில்லை.

மத்தியானத்துக்குள் அலமாரி காலி. கடைசிப் புடவையை மடித்து, வல்லத்துப் பூவாயியிடம் நீட்டிய செட்டியார் மெதுவாகக் கேட்டார்.

"ஏம்மா, போர்டுல இன்னா எழுதியிருக்குதுன்னு தெரிஞ்சுமா வாங்கற?"

"தெரிஞ்சுதான் செட்டியாரே. இருபது வருசமா எதிர்க்கடையில நின்னுக்கினு, கிளியவே கிளியாதுன்னு சாமிமேல சத்தியம் பண்ணி வித்தவரு நீங்க. இன்னிக்குத்தானே உண்மைய எழுதி மாட்டியிருக்கீங்க!"